நெருப்பில்லாத சபை

முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை தொண்டைக்குள் இறங்கினால் காய்ந்த மிளகாயைத் தீயில் போட்டதுபோல் கமறும், கண்ணில் நீர் கொட்டும், தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் மயிரில் அந்தக் கரிந்த எண்ணெய் வாடை அப்படியே நிற்கும். ஆண்டிமடம் பக்கம் எங்கள் ஊரில் சித்திரை, வைகாசி முழுக்க அதுதான் காற்று. என் அம்மா அந்த வறுக்கிற கொட்டகையில் கொட்டை உடைத்தாள். கொட்டை எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும் என்று கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பாள்; அப்படியும் விரலெல்லாம் கறுத்துப்போய்த்தான் கிடக்கும். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், நான் நாலாவது முடித்திருந்த லீவில், எங்கள் தெருவுக்கு, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணும் ஓர் ஊழியக்காரர் வந்து நரகத்தை இறக்கிவிட்டுப் போனார்.

நரகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. இவர் பேசுகிறவர் இல்லை, காட்டுகிறவர். வெள்ளை ஜிப்பா, தங்க ஃபிரேம் கண்ணாடி, வியர்வையைத் துடைக்க மடித்து வைத்த கைக்குட்டை, இத்தனையோடும் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், முதல் காரியமாக வறுக்கிற சட்டி ஒன்று வேண்டும் என்றார். கொட்டகை முதலாளி வேறு சாமி கும்பிடுகிறவர், எங்கள் தெரு தண்ணீரைக்கூட வாயில் வைக்காதவர். ஆனாலும் சட்டியும் ஒரு கூடைக் கொட்டையும் அவர்தான் கொடுத்தார். "நல்லா பயமுறுத்திட்டுப் போங்க போதகரே, கொட்டைய மடியில கட்டிக்கிட்டுப் போறாளுவ" என்று அவர் சொன்னதும், அதற்கு ஊழியக்காரர் வாய்கொள்ளாமல் சிரித்ததும் அம்மாவின் காதுபடவே நடந்தது. கடவுளின் காரியம் என்று அதற்குப் பெயர்.

பொழுது சாயும் நேரம் கூட்டம். சட்டியைச் சூடேற்றி, கொட்டையை அள்ளிப் போட்டதும் அது எண்ணெய் கக்கித் தீப்பிடித்து ஆள் உயரத்துக்கு எழும்பியது. பிள்ளைகள் அலறினோம். கொட்டகைப் பெண்கள் அலறவில்லை. "நாங்க தெனமும் அங்கதாங்க இருந்துட்டு வர்றோம்" என்று ஒருத்தி சொல்ல, "கொட்டகையில கூலி உண்டு, அங்க கூலி கெடையாதுடி" என்று இன்னொருத்தி சொல்ல, கூட்டம் சிரித்துவிட்டது. ஊழியக்காரருக்கு முகம் சுருங்கியது. நரகத்தைப் பார்த்து சனங்கள் சிரித்தால் அவர் பிழைப்பு என்னாவது? பக்கத்தில் நின்ற சபை மூப்பர் அவர் காதில் ஏதோ ஓதினார். உடனே ஊழியக்காரர் சட்டியை நோக்கிக் கையை நீட்டி, "போன மாசி மாசம் இந்தத் தெருவுல பொன்னுசாமின்னு ஒருத்தன் செத்தானே, ஞானஸ்நானம் எடுக்காம செத்தானே, அவன் இப்ப இதுலதான் வெந்துகிட்டு இருக்கான்!" என்றார்.

பொன்னுசாமி என் அப்பா.

எறையூர் ஆலைக்குப் போகிற லாரிகளில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தவர், மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்தார். சபைக்கு வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்து, "நீ எனக்கும் சேத்து கும்புட்டுட்டு வா" என்று அனுப்பிவிட்டு, நாங்கள் திரும்பி வருவதற்குள் கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்து வைத்திருப்பார். அந்த மனிதரைத்தான், அவரைக் கண்ணாலும் கண்டிராத ஒருவர், கடன் வாங்கிய சட்டிக்குள் போட்டார். போட்டுவிட்டு மூப்பர் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டார். அடுத்தவனை வேகவைத்தவருக்கு நல்ல பசி எடுத்திருந்ததாம், இரண்டு முறை குழம்பு கேட்டாராம்.

மறுநாளிலிருந்து நான் அடிபம்ப்பில் குடத்தை நிரப்பி, ஏரிக்கரையில் இருந்த இடுகாட்டுக்குத் தூக்கிப்போய் அப்பாவின் குழிமேட்டில் ஊற்றத் தொடங்கினேன். வெடித்த மண் தண்ணீரை "சொய்ங்" என்று உறிஞ்சும். எனக்கு அது கீழே தீ அணைகிற சத்தமாகக் கேட்கும். தெருவே தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற கோடை அது. குடம் எங்கே போகிறது என்று பார்க்க என் பின்னாலேயே வந்தார் ஆசீர்வாதம் மாமா.

அவர் அம்மாவின் தம்பி, சைக்கிள் கடை வைத்திருந்தார், சபையில் பாட்டு எடுத்துக்கொடுப்பவர். அந்தக் கூட்டத்தில் ஊழியக்காரருக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

"என்னா பாப்பா பண்ற?"

"உள்ள சூடா இருக்கும்ல மாமா."

மாமா நேரே மூப்பரிடம் போனார். "கஞ்சி காச்சி வச்ச மனுஷன எதுக்குங்க கடவுள் வேகவைக்கணும்?" என்று கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு மூப்பர் சொன்ன பதில் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சொல்லப்படுவது: "சந்தேகப்படறவனுக்கும் அதே சட்டியிலதான்டா எடம்." அத்தனை பெரிய கேள்விக்கு அவ்வளவு சின்ன மனிதர்.

மாமா சபைக்குப் போவதை விட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணுவதையும் விட்டார். "நரகமும் பொய், அத வச்சவனும் பொய்" என்றார். பெரம்பலூர்ப் பக்கம் கடவுள் இல்லை என்று பேசுகிறவர்களின் கூட்டத்துக்கும் போய்விட்டு வந்தார். அவர்களும் ஊழியக்காரர் கதையைக் கேட்டுக் கைதட்டிச் சிரித்தார்களாம். ஆனால் அப்பா எங்கே என்று நான் கேட்டதை மாமா அங்கே சொன்னபோது, "மண்ணுல மக்கிப் போயிருப்பாரு தோழர்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்களாம். ஒருவன் வேகிறான் என்றான், ஒருவன் மக்கினான் என்றான். இரண்டு பேருக்கும் என் அப்பா ஒரு பேச்சுக்கு உதவினார், அவ்வளவுதான்.

நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. மாமாவும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. கடவுளும் இல்லை, நரகமும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதர், சைக்கிள் கேரியரில் இன்னொரு குடத்தைக் கட்டிக்கொண்டு என்கூட வந்து ஊற்றினார். தெருவில் சிரித்தார்கள். மூப்பர் வீட்டு அம்மாள், "செத்தவனுக்குத் தண்ணி பாய்ச்சறான், மொளச்சு வருவான் போல" என்று பம்ப்படியில் நின்று சொன்னாள்.

ஒருநாள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா, ஒங்கப்பன் நெசமா தீயில கெடந்தா நீ உட்டுருவியா?"

"மாட்டேன்."

"நானும் உடமாட்டேன். மூணாங்கிளாஸ் படிச்ச சைக்கிள் கடைக்காரன், நானே உடமாட்டேன். அப்ப என்னப் படைச்சவன் உடுவானா? என்னவிட மட்டமானவனா இருப்பானா அவன்?"

சொல்லிவிட்டு மண்டியிட்டு அழுதார். பிறகு எத்தனையோ மாதமாக வாயில் வராத ஜெபத்தை அங்கேயே சொன்னார். ஜெபத்தில் அப்பாவின் பெயர் வந்தது. அன்றோடு நானும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். அப்பா நல்ல கையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வருஷக் கடைசியில் மாமா கடைக்குப் பின்னால் கீற்றுப் போட்டு ஒரு சபை ஆரம்பித்தார். பாட்டு, ஜெபம், செத்தவர்கள் பெயரைச் சொல்லி நன்றி, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் கஞ்சி. "நெருப்பில்லாத சபை" என்று மூப்பர் கேலிப் பெயர் வைத்தார். பயம் இல்லாவிட்டால் பக்தி எங்கிருந்து வரும் என்றார். அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பது அதிலேயே தெரிகிறது. ஆனால் கொட்டகைப் பெண்கள் முழுக்க மாமாவிடம்தான் வந்தார்கள்.

மாமா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. திறந்த சட்டியில் வறுப்பதும் போய்விட்டது, இப்போது மிஷின் வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள், புகை இல்லை. இடுகாட்டில் பாதியை ரோடு தின்றுவிட்டது, அப்பாவின் குழிமேடு எது என்று எனக்கே காட்டத் தெரியாது. எல்லாம் போயிற்று, நரகம் மட்டும் போகவில்லை. மாமாவின் சபை கான்கிரீட் கட்டடமாகிவிட்டது. அங்கே இப்போதிருக்கிற போதகர் போன கோடையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பெரிய திரையில் கம்ப்யூட்டரில் செய்த தீயைக் காட்டினார். ஒரு சின்னப் பெண் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"அம்மா, இது பிள்ளைங்க நல்லதுக்குங்க" என்றார் போதகர், மேல்படிப்பு படித்தவர்.

"ஒங்க நல்லதுக்குன்னு சொல்லுங்க" என்றேன். அதற்கப்புறம் அங்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முன்கட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறோம், அந்தச் சின்னப் பெண்ணும் அவள் அம்மாவோடு வருகிறாள். யாரையும் பயமுறுத்தாத கூட்டம் வளராது என்று போதகர் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். வளர வேண்டாம். அந்தப் பெண் இப்போது காதைப் பொத்துவதில்லை.