அது ஒண்டும் செய்யாது

நாங்கள் குடியிருக்கும் குறுகலான ஒழுங்கையில் எனக்கு ஒருவரோடும் சண்டை இல்லை, எதிர்வீட்டு அங்கிளைத் தவிர. துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்ற மனிதர். நல்லவர்தான், வீட்டில் பலாப்பழம் வெட்டினால் எங்களுக்கும் ஒரு துண்டு வரும். ஆனால் விடிந்ததும் படலையை அகலத் திறந்து, "போ ராசா, போய்க் காத்து வாங்கிக்கொண்டு வா" என்று தன் நாயை ஊருக்குள் அனுப்பிவைப்பார். அதோடு அவருடைய பொறுப்பு முடிந்தது. மிச்சமெல்லாம் எங்கள் பொறுப்பு.

அது காத்து வாங்கும் சீரைச் சொல்லவேண்டுமே! என் வாசலில் கிடக்கும் செருப்பில் எப்போதும் ஒன்றைத்தான் கொண்டுபோகும். மற்றதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சைக்கிளில் மீன் விற்கிற அண்ணை ஒரு வீட்டுக்கு நிறுத்துக் கொடுப்பதற்குள் பெட்டியிலிருந்து ஒரு சூரை காணாமல் போய்விடும். நான் போய் முறையிட்டால் அங்கிள் கதிரையில் சாய்ந்திருந்தபடி பேப்பரைக்கூடத் தாழ்த்தமாட்டார்.

"எங்கட நாய் அப்பிடிச் செய்யாது பிள்ளை. வேற நாயாயிருக்கும்."

"உங்கட நாய்தான் அங்கிள். மீனோட உங்கட கதிரைக்குக் கீழதான் படுத்திருக்கு."

குனிந்து பார்ப்பார். "ஓ, இதோ? ஆரும் குடுத்திருப்பினம்."

"கட்டி வைக்க ஏலாதா?"

"கட்டினா அதின்ர மனசு உடைஞ்சிடும். அது ஒண்டும் செய்யாது பிள்ளை."

செருப்பும் மீனும் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். மான் விஷயத்தில்தான் எனக்கு விசர் பிடித்தது. திருகோணமலையில் புள்ளிமான்கள் கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி, மாடுகளைப் போலத் தெருவெல்லாம் திரியும். வாழைப்பழத் தோல், மரக்கறிக் கழிவு எல்லாவற்றையும் நாங்கள் அவற்றுக்கென்று எடுத்துவைப்போம். என் வாசலுக்குப் பின்னேரங்களில் ஒரு மான்குட்டி வரும். பின்னங்கால் ஒன்று நொண்டி. மற்றவை பாய்ந்து தப்பும்போது இது பின்தங்கிவிடும். இப்படியான குட்டிகளை நாய்கள் குதறிப் போட்டிருப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் அது தின்று முடிக்கும்வரை விளக்குமாறும் கையுமாகக் காவல் நிற்பேன். அடுப்பில் குழம்பு தீய்ந்துபோன நாட்களும் உண்டு. பெற்ற பிள்ளைகளுக்குக்கூட நான் இப்படிக் காவல் நிற்கவில்லை என்று வீட்டில் ஒரே பகிடி.

ஒருநாள் உள்ளே தொலைபேசி அடித்தது. எடுத்துக் கதைத்துவிட்டு வெளியே வந்தால், ஒழுங்கையில் மான்குட்டி நொண்டி நொண்டி ஓடுகிறது, பின்னால் அந்த நாய். "ஐயோ, ஆராவது மறியுங்கோ!" என்று கத்தியபடி வெறுங்காலோடு ஓடினேன். செருப்பு எங்கே என்று கேட்காதீர்கள். எல்லா வீட்டுப் படலைகளும் சாத்திக் கிடந்தன. நாய்க்காகத் திறந்துவிட்ட அங்கிளின் படலை மட்டும் ஆவென்று கிடந்தது. அதற்குள் பாய்ந்த மான் விறாந்தையையும் தாண்டி நேரே ஹோலுக்குள் போய்விட்டது.

நான் போய்ச் சேரும்போது பூச்சாடி, ரீவி, அங்கிளின் மனைவி அன்ரி ஆசையாக அடுக்கிவைத்திருந்த கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் நிலத்தில். மான் ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. இத்தனை சத்தத்தையும் கேட்ட நாய் மேசைக்குக் கீழே பதுங்கிவிட்டது. அங்கிள் இடுப்பில் கட்டிய சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி கதிரைக்கு மேலே நின்றார்.

"பிள்ளை, இதைப் பிடியுங்கோ! முட்டப்போகுது!"

என் வாய் சும்மா கிடக்குமா? "பயப்படாதேங்கோ அங்கிள். அது ஒண்டும் செய்யாது."

சொல்லிவிட்டு மான்குட்டியிடம் போனேன். போர்வையொன்றைப் போட்டு மூடி, அள்ளித் தூக்கினேன். வாசலுக்குக் கொண்டுவந்து உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு பல்லுக்கூடப் படவில்லை. அந்த இடத்திலேயே நின்று அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை அங்கிள் என் வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் பாவம் என்று நினைத்து, தேத்தண்ணி வைக்கக் குசினிப் பக்கம் திரும்பினேன்.

"தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை. ஒண்டு கதைக்கவேணும். உங்கட மானைக் கொஞ்சம் கட்டி வைக்க ஏலாதா?"

"என்ர மானோ?"

"சாப்பாடு போடுறது நீங்கள்தானே? அவிட்டு விட்டிட்டு இருந்தா மற்றாக்களுக்கெல்லே கரைச்சல்."

நான் குசினிப் பக்கம் போகாமல் வாசலுக்கே திரும்பி வந்தேன்.

"நீங்கள் கட்டமாட்டியள், எனக்குத் தெரியும். நான் என்ர அலுவலைப் பாக்கிறன்" என்றபடி கடைப்பக்கம் நடந்தார். அன்று பின்னேரமே அவருடைய படலையில் ஒரு புதுப் பூட்டுத் தொங்கியது. மான் உள்ளே வராமலிருக்க.

அன்றிலிருந்து அந்தப் படலை எந்த நேரமும் பூட்டித்தான் கிடக்கிறது. குட்டி வந்து ஆறுதலாகத் தின்கிறது. என் விளக்குமாறு குசினி மூலையில் கிடக்கிறது. எதிரே படலைக் கம்பிக்குள் மூக்கை நீட்டி நாய் குரைத்தால், உள்ளேயிருந்து அங்கிளின் குரல் எனக்கும் கேட்கும்படியாக வரும்.

"பேசாமல் இரு ராசா. சில ஆக்களுக்குப் பொறுப்பில்லை."

நான் குட்டிக்கு இன்னொரு வாழைப்பழத் தோலை நீட்டுவேன். அந்தப் பூட்டு அங்கே தொங்கும்வரை பொறுப்பில்லாதவள் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.