அடி கருகிய பன்

என் அண்ணனை இந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'கருகல்'. முப்பத்தைந்து வருடமாக பன் சுடுகிற மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டம் எவ்வளவு உறுத்தும்! "நான் செத்தாலும், கருகல் போயிட்டான்னுதான் சொல்வானுங்க" என்று பொருமுவார். சாவதற்குள் இந்தப் பெயர் தன்னை விட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அந்தப் பட்டத்தை வாங்கிக்கொடுத்த பாவி நான்தான்.

அப்பாவின் கை வெந்துபோய் அவரால் வேலை செய்ய முடியாமல் போனபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. அண்ணன் மாவு பிசைவார், அடுப்புக்கு நான் காவல். அடுப்பறையில் கடிகாரம் வைத்தால் மாவுத் தூசி ஏறி நின்றுவிடும். அதனால் அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். தட்டை உள்ளே தள்ளிவிட்டு, வீட்டில் சொல்லும் பிரார்த்தனையைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும். பன் வெந்திருக்கும்.

நான் பத்தும் சொல்வேன். ஆனால் கடவுள் முன்னால் நின்றுவிட்டு, அண்டை அசலுக்கு ஒன்றும் கேட்காமல் வருவது எப்படி? பக்கத்து வீட்டுப் பூனைக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும், அப்பாவின் கை ஆற வேண்டும், என் சடை இடுப்பு வரை வளர வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் பன்னின் அடி கருகிவிடும்.

அந்த பன் எல்லாம் எதிரே இருந்த பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டுக்குப் போகும். அந்தச் சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்ல? வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு தட்டு சூப். சூப்புக்குள் தட்டின் கீறல்களை எண்ணலாம். அந்த ருசிக்குப் பக்கத்தில், அடி முறுகி, லேசாகக் கசந்து, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் பன் பிள்ளைகளுக்கு அமிர்தம். ஒரு கருகின அடிக்கு இரண்டு உருளைக்கிழங்கு என்று மேசைக்கடியில் கைமாறும். 'கருகல் வந்துட்டாரு' என்று கத்துவார்கள். அண்ணனுக்கோ அவமானம் பிடுங்கித் தின்னும். அடுப்பில்தான் கோளாறு என்று மூன்று முறை இடித்துக் கட்டினார். கடைசி முறை கொத்தனாரோடு சண்டையாகி, பேச்சே நின்றுபோனது.

நான் உண்மையைச் சொல்லவில்லை. பயம். சொல்லும் தைரியத்தைக் கடவுளிடம் கேட்டேன். அதிலும் ஒரு தட்டு கருகியது.

பிறகு மணியடிக்கும் மின்சார அடுப்பு வந்தது. பன் பொன்னிறமானது. பட்டம் மட்டும் போகவில்லை.

போன மாதம் பல் டாக்டர் கடைக்கு வந்தார். அந்தப் பள்ளியில் சூப்பை ஜன்னல் வழியாக ஊற்றி அடி வாங்கியவர்.

"அண்ணே, பழைய பசங்க எல்லாம் சேர்ந்து அதே சாப்பாட்டுக் கூடத்துல சாப்பிடப் போறோம். நூறு பன் வேணும். அடி கருகியிருக்கணும்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "அதெல்லாம் இங்க கிடையாது."

"கிடைக்கும், கிடைக்கும்" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்து ஒப்புக்கொண்டுவிட்டார்.

விருந்துக்கு முந்தின நாள் காலை, பின்கட்டில் ரஸ்க் காயவைக்க மட்டும் வைத்திருந்த பழைய அடுப்பை மூட்டினோம். அண்ணன் கைக்கடிகாரத்தோடு நின்றார். முதல் தட்டு வெளுப்பு. இரண்டாவது கரி. மூன்றாவதை பல் டாக்டர் கடித்துப் பார்த்தார். "நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா அது இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "நல்லா சுட்டும் பேர் மாறல. இப்ப கருக்கவும் துப்பில்லன்னு ஆகப் போகுது."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அடுப்புல தப்பே இல்ல. நான்தான் கூடுதலா வேண்டிக்கிட்டேன்."

"என்னத்த?"

"எல்லாத்தையும்."

நடந்ததைச் சொன்னேன். "மூணு தடவை இடிச்சுக் கட்டினேன்டி. கொத்தனார் மூஞ்சிலயே முழிக்கறதில்ல."

"தெரியும்ணே. நீங்க ரெண்டு பேரும் சமாதானமாகணும்னும் வேண்டிக்கிட்டேன்."

"அதுக்கும் ஒரு தட்டு போச்சா?"

"ரெண்டு."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் எழுந்து, புதுத் தட்டு ஒன்றை உள்ளே தள்ளினார். "வந்து நில்லு. வேண்டிக்கோ."

பத்துத் தடவை சொன்னேன். இரண்டு வார்த்தை சேர்த்தேன். கண்ணைத் திறந்தேன். தட்டை இழுத்தால் பன் வெளுத்துக் கிடந்தது.

"அவ்வளவுதானா?"

"வேற என்னண்ணே கேக்கறது? இருக்கறதே போதும்னு தோணுது."

"இன்னிக்குப் பாத்தா போதும்கிற! கேளு, ஏதாவது கேளு!"

"என் முட்டிவலிக்குக் கேளு" என்றார் அண்ணி. "மாடிக் குழாய் ஒழுகுது, அதுக்கும் கேளு. என் தம்பிக்கு நல்ல புத்தி வரணும். அது ஒண்ணு மட்டுமே அரைத் தட்டுக்கு வரும்."

அடுத்த தட்டு உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். பக்கத்தில் அண்ணன் மெல்லச் செருமினார். "கொத்தனாரையும் சேர்த்துக்கோ."

சேர்த்தேன். தட்டை இழுத்தபோது வந்த வாசனையிலேயே மூவருக்கும் தெரிந்துவிட்டது. இருட்டுவதற்குள் நூறும் சுட்டு முடித்தோம். கொத்தனாருக்காக மட்டும் அன்று ஏழு முறை வேண்டியிருப்பேன்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில், நரைத்த தலைகள் குழந்தை பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்து, உருளைக்கிழங்கைக் கொடுத்து அடியை வாங்கின. எல்லோரும் மேசையைத் தட்டி, "கருகல்! கருகல்!" என்று கூப்பாடு போட்டார்கள்.

அண்ணன் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். "கருகல் நான் இல்லப்பா. இவ. இத்தனை வருஷமா ஆள் மாத்திக் கூப்பிடறீங்க."

"அப்ப உங்க பேரு என்னண்ணே?" என்றார் பல் டாக்டர்.

அண்ணன் நிமிர்ந்து நின்று தன் முழுப் பெயரையும் நிதானமாகச் சொன்னார்.

"அட, நல்ல பேரா இருக்கே! முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அடுத்த நாள் காலையில் பால்காரர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "கருகலக்கா, ரெண்டு பன்" என்றார். நான் பாட்டுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். கல்லாவிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"உன்னத்தான் கூப்பிடறாங்க. காது கேக்கலயா? போய்க் குடு."