புதன்கிழமை மூன்று மணிக்கு ஒரு பொய் மீட்டிங்

நானும் என் மனைவியும் பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு அக்கம்பக்கத்தார்தான் சாட்சி. காலையில் நான் எழும்போது அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருப்பாள்; அவள் டீச்சர். நான் திரும்பி வரும்போது விடைத்தாள்கள் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை என் லேப்டாப் எங்கள் நடுவில் மாமியார் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியவர். அவருக்காவது ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதுவார்கள். எனக்கு ஊதினால் ஒரேயடியாக ஊதினதுதான்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "வாரத்துல ஒரு மணி நேரமாவது உங்க மூஞ்சியைப் பாக்கணும். இல்லைன்னா நானும் உங்க ஆபீஸ்லயே வேலைக்குச் சேந்துடறேன்."

சிரிக்காமல் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு பேருக்கும் வேலை கன்டோன்மென்ட் பக்கம்தான். புதன்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிடும். எனக்குத்தான் நேரமில்லை. எங்கள் ஆபீஸ் காலண்டரில் ஒரு மணி நேரம் காலியாகத் தெரிந்தால் போதும், புறம்போக்கு நிலத்தைக் கண்ட மாதிரி யாராவது வளைத்துப் போட்டுவிடுவார்கள். ஆகவே நானே முந்திக்கொண்டு புதன் மூன்று மணிக்கு ஒரு மீட்டிங் போட்டேன். 'ப்ரீ-ரிவ்யூ அலைன்மென்ட்' என்று பெயர் வைத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. அர்த்தம் இருந்திருந்தால் எவனாவது கேள்வி கேட்டிருப்பான்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குச் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் சூடாக வெங்காய சமோசா கிடைத்தது. எதிரே மனைவி.

"புதுக் கண்ணாடியா? நல்லாருக்கே."

"வாங்கி மூணு மாசம் ஆச்சு."

திட்டுவாள் என்று பார்த்தேன். என் தட்டிலிருந்த சமோசாவில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணமான புதிதில் இருந்த சந்தோஷம்.

இரண்டு புதன் ஓடியது. மூன்றாம் வாரம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். "ஏன் குரு, என்னை விட்டுட்டு இன்னா அலைன்மென்ட்? என்னையும் சேத்துக்கங்க."

சேர்த்தேன். மேனேஜர் இருக்கிற மீட்டிங்கில் தான் இல்லாவிட்டால் சீட்டு கிழிந்துவிடும் என்று மற்றவர்களும் ஓடி வந்தார்கள். புதன் காலைக்குள் என்னையும் சேர்த்துப் பதினாலு பேர்.

மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப இதுவும் போச்சா?" என்றாள். அழுகை வந்தது எனக்குத்தான்.

போகவிட மனசில்லை. எங்கள் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரரோடுகூட ஆன்லைனில்தான் மீட்டிங். புதன்கிழமை பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார்கள். நான் எங்கே இருந்தால் யாருக்குத் தெரியும்? டீக்கடையிலிருந்தே போனில் நுழைந்தேன். ஒரு இயர்போன் என் காதில், இன்னொன்று அவள் காதில்.

"எல்லாரும் அவங்கவங்க அப்டேட் சொல்லலாம்," என்று குரலைக் கனமாக்கிக்கொண்டு சொல்லிவிட்டு என் மைக்கை அணைத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் முகமும் காட்டவில்லை. மாட்டினோம் என்று நினைத்தேன். அப்போது யாரோ மைக்கை அணைக்க மறந்த இடத்திலிருந்து ஒரு குழந்தை கத்தியது: "அம்மா, இப்ப நீ ஒளிஞ்சுக்கோ!"

இன்னொரு வீட்டில் தாளிக்கிற சத்தம். எனக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மீட்டிங்கில் இருந்தால் வேறு வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். என் பொய்க்குள் பதிமூன்று பேரும் குடிவந்துவிட்டார்கள்.

பிறகு நிதானமாக ஒரு குறட்டை கேட்டது. சமோசா அவள் வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. "யாருங்க இது?"

திரையைப் பார்த்தேன். மேனேஜர். விடிகாலை ஐந்தரைக்கே 'ரெடியா?' என்று செய்தி அனுப்புகிற மனுஷன். இரண்டு வருஷமாக நான் தினம் பல் தேய்க்கும்போது சபிக்கிற ஆள். ஊரே கேட்கும்படி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மானம் போகுமே என்று அவர் மைக்கை நானே அணைத்தேன்.

மணி நாலை நெருங்கியது. மீட்டிங்கை முடிக்கப் போனேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம், தூங்கட்டும்ங்க. இன்னொரு டீ சொல்லுங்க."

மீட்டிங்கை அரை மணி நேரம் நீட்டித்தேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.