ஏழுமலை போட்ட தமிழ்

கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டி ஒரகடம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ஏழுமலை என்று பெயர் வந்தது. முந்தின நாள்தான் நாங்கள் சேர்ந்து பார்க்கும் தொடரின் புது எபிசோடு வந்திருந்தது. அவருக்குக் காது மந்தம். அவரிடம் உரக்கப் பேசியே எனக்குப் பழக்கம். எடுத்த எடுப்பில், பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி, "என்ன, பார்த்துட்டீங்களா? கோடரிக்காரன் பிழைச்சுட்டானா?" என்று கத்தினேன்.

மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது.

"சார், நான் அம்சா பேசறேன். அவரு சம்சாரம். காத்தால மார்வலின்னாரு சார். ஆட்டோல ஏத்தினோம். போற வழிலயே பூட்டாரு."

அந்தம்மாவே மேலே பேசினார். "யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. போன்ல பாத்தா உங்க பேருதான் மொதல்ல கீது."

அடுத்த நிறுத்தத்தில் இறங்க எழுந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் "யார் சார், சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரே லைனில் வேலையா என்றார். அதுவும் இல்லை. இறங்கிவிட்டேன். சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஷிப்ட் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஐம்பத்து நான்கு வயதில், ஒரு பொம்மைப் படத்தைச் சேர்ந்து பார்த்த நண்பருக்காகச் சாலையோரம் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

நம் ரசிகர் குழுவில் இருக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர் ஏழுமலையின் முகத்தைப் பார்த்ததில்லை. சனிக்கிழமையானால் "தமிழ் எப்போ வரும்?" என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். அந்தத் தமிழைப் போட்டவர் யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொடரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மழையைத் திருடிக்கொண்டு போன ஒரு அரக்கனைத் தேடி ஐந்து பேர் நடந்துபோகிற ஜப்பானிய அனிமே அது. வருஷக் கணக்கில் ஓடுகிறது. இன்னும் மழை கிடைக்கவில்லை. தமிழில் அதற்குச் சப்டைட்டில் கிடையாது. நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து எழுதியதுதான்.

ஏழுமலை நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் ஆள். இரும்புத் தகட்டை அழுத்திக் கார் பாகமாக ஆக்கும் இடம் அது. நான் அங்கே ஸ்டோர் கிளார்க். ஒருநாள் மதியம் கேன்டீனில், கடைசி மேசையில், தண்ணீர் ஜக்கில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு ஒருவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கடக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாமே. இந்தக் கெழவன் இன்னா சொல்றான், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

போனில் தாடி வைத்த ஒரு மந்திரவாதி வாய் அசைத்துக்கொண்டிருந்தான். கீழே ஆங்கில எழுத்து ஓடியது. படித்துச் சொன்னேன். அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று என் சாப்பாடு ஆறிப்போயிற்று. தமிழ்ப் படமே இவ்வளவு இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பதில் சொன்னார்.

"தமிழ்ப் படம்னா எனக்கு மட்டும்தான் சார் கேக்காது. தேட்டர்ல சுத்தி எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிச்சு வைப்பேன். இது அப்படி இல்ல. ஜப்பான்காரன் பேசறது இங்க யாருக்குமே தெரியாது. எல்லாரும் படிச்சுத்தான் ஆவணும்."

அவருடைய அப்பாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனதும், பதினெட்டு வயதில், ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் காதுக்கு ஒரு பஞ்சுகூட வைக்காமல் பிரஸ் மிஷினில் நின்றவர். இடது காது அங்கேயே போயிற்று. வலது காது பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. இது என்னைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டிப் பக்கம். மனைவி இறந்தபின் படப்பையில் ஒரு ஒற்றைப் படுக்கையறை வீடு. மகள் கோயம்புத்தூரில். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று டி.வி.யைப் போட்டுவிட்டுச் சமைப்பேன். என்ன ஓடுகிறது என்று பார்க்க மாட்டேன். அப்படிப்பட்டவன் ஒரே மாதத்தில், மழை எங்கே இருக்கிறது என்று வேலை நேரத்தில் யோசிக்கிற ஆளாகிவிட்டேன். ஏழுமலை கேன்டீனில் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருப்பார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் அவருக்காக மட்டும் எழுதினேன். ஆங்கிலத்தைப் பார்த்து நோட்டில் தமிழ் எழுதிக் கொடுப்பேன். ஐவரில் ஒருவனான கோடரிக்காரனின் தம்பியை அரக்கனின் ஆள் ஒருவன் கொன்றுவிடுகிற கட்டம் வந்தது. "உன்னைப் பழிவாங்காமல் நான் ஒருபோதும் ஓய மாட்டேன்" என்று எழுதியிருந்தேன். ஏழுமலை அதைப் படித்துவிட்டுப் படத்தை நிறுத்தினார்.

"சார், மூஞ்சியப் பாருங்க. தொண்ட அடச்சிகினு நிக்கிறான். அந்த நேரத்துல எவனாச்சும் இவ்ளோ நீட்டமா பேசுவானா?"

"வேற எப்படி எழுத?"

"'இரு. வரேன்.' அவ்ளோதான்."

படத்தை மறுபடி ஓடவிட்டோம். கேன்டீனில் எனக்குச் சிலிர்த்தது. அன்றிலிருந்து அர்த்தம் என் வேலை, பேச்சு அவர் வேலை என்று ஆயிற்று. நான் வரைவு எழுதிப் போனில் அனுப்புவேன். அவர் ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்த்துத் திருத்துவார். "காது கேக்காதவனுக்கு மூஞ்சிதான் சார் டிக்ஷனரி" என்பார். பிறகு யாரோ சொல்லி அதை இணையத்தில் போட்டோம். நீங்கள் எல்லாம் வந்து சேர்ந்தீர்கள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்கு உடல் பரிசோதனை உண்டு. காதில் கருவி மாட்டிக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். ஏழுமலை ஒவ்வொரு வருஷமும் அதில் தேறிவந்தார். எப்படி என்று என்னிடம் மட்டும் சொன்னார்: சோதிக்கிறவரின் கை அசைவு கண்ணாடியில் தெரியும், அதைப் பார்த்து அமுக்குவார். சொல்லிவிட்டுச் சிரித்தார். "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன் சார்."

ஒருநாள் நான் பிரஸ் ஷாப்புக்குள் சாமான் சரிபார்க்கப் போயிருந்தேன். மேலே கிரேனில் ஒரு டை, அதாவது தகட்டை அழுத்தும் பெரிய அச்சு, இறங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை அதற்குக் கீழே குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். சைரன் அடித்தது. நான்கு பேர் கத்தினார்கள். அவர் நிமிரவில்லை. பக்கத்து மிஷின்காரர் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்தவரிடம் ஏழுமலை, கவனிக்கலை என்று சொல்லிச் சமாளித்தார். அன்று மாலையே பாதுகாப்பு அதிகாரியிடம் போய், இவருக்குக் காது கேட்காது என்று சொல்லிவிட்டேன்.

அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டி ஒட்டும் வேலை. பத்தொன்பது வருஷ பிரஸ் ஆபரேட்டர். மறுநாள் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"உங்கள நம்பித்தான சார் சொன்னேன்."

"ஏழுமலை, நீங்க செத்திருப்பீங்க."

"என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல? நானே போய்ச் சொல்லிருப்பேன்."

போயிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரிடம் கேட்காமல் போனது நான்தான்.

அதன்பின் ஐந்து மாதம் அவர் என்னோடு பேசவில்லை. கேன்டீனில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உங்களுக்கு இது தெரிந்திருக்காது, ஏனென்றால் ஒரே ஒரு வாரம் தவிர, தமிழ் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் வரைவை அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை திருத்தித் திரும்ப வரும். உடன் ஒரு சொல் இருக்காது. என் வரிகளில் எதை அடித்தார், எதை விட்டார் என்று உட்கார்ந்து பார்ப்பேன். என் வீட்டில் ஒரு வாரத்துக்கு எனக்கு வந்த பேச்சு அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். வலது காதில் புது மிஷின்.

"கத்தாதீங்க சார். கேக்குது" என்றார். உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "போடுங்க."

போட்டேன். தொடக்கப் பாட்டு ஓடியது. எத்தனையோ வருஷம் பார்த்த தொடரின் பாட்டை அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது.

"இவ்ளோ கேவலமாவா சார் பாடறானுங்க?"

இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருப்பேன். கண் கலங்கியது வெளியே தெரியக்கூடாதே. "இத்தினி வருஷம் நானா ஒரு பாட்டு நெனச்சிகினு இருந்தேன். அதுதான் நல்லா கீது" என்று மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிரேன் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் கேட்கலாம், அதற்கடுத்த வாரம் கேட்கலாம் என்று நான்கு மாதம் ஞாயிறு ஞாயிறாகப் போயிற்று. பிறகு அம்சா போன் செய்தார்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்சா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? லீவு நாளானா போனை வச்சிகினு உக்காந்துடுவாரு. கூப்ட்டா திரும்ப மாட்டாரு. அதுல இன்னாதான் பண்ணாரு?"

ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டினேன். அந்தம்மா எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்கிறவர். வரிக்கு வரி நிறுத்தினேன். கதாநாயகி, வழி தவறவிட்ட கோடரிக்காரனை இடுப்பில் கைவைத்துத் திட்டுகிற இடம் வந்தது. நம் குழுவில் எல்லோருக்கும் பிடித்த கட்டம். "வாயில இன்னா கொழுக்கட்டையா? கேட்டா பதில் சொல்ல மாட்ட? நான் இன்னா செவுத்துகிட்டயா பேசிகினு கீறேன்?"

அம்சா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். இன்னொரு தரம் படித்தார்.

"இது நான் சொல்றது சார்."

"என்னம்மா?"

"நான் அவர்கிட்ட தெனம் சொல்றது. அப்படியே எழுதிகிறாரு." கொஞ்சம் சிரித்தார். அடுத்த வரியையும் படித்தார், அதற்கடுத்ததையும். சிரிப்பு நின்றுவிட்டது. "நான் பேசறது எதுவும் அவருக்குப் போய்ச் சேரலன்னே நெனச்சிகினு இருந்தேன் சார்."

அந்தக் கதாநாயகியின் பேச்சை எத்தனை பேர் எத்தனை ஊரில் ரசித்திருக்கிறீர்கள் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்று நான்கு எபிசோடு பார்த்தார். நான் கிளம்பும்போது ஏழுமலையின் போனைக் கொடுத்து, "அவரு எழுதினது இதுல இருந்தா எடுத்துக்குங்க சார். மீதிப் படத்த நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எல்லாம் ஏற்கெனவே என்னிடமும் இருந்த கோப்புகள்தான். ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. பேசாமல் இருந்த ஐந்து மாதத்தில் ஒரு வாரம் நான் வேண்டுமென்றே வரைவு அனுப்பவில்லை. அவராக வந்து கேட்கட்டும் என்ற வீம்பு. அவர் கேட்கவில்லை. அந்த வாரம் உங்களுக்குத் தமிழ் வரவில்லை. ஆனால் அவர் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் தெரியாது, ஜப்பான் மொழி கேட்கவும் கேட்காது. முகங்களை மட்டும் பார்த்து முழு எபிசோடுக்கும் தானே தமிழ் போட்டு, யாருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறார்.

அதில் கோடரிக்காரனும் கிழட்டு மந்திரவாதியும் மனத்தாங்கலுக்குப் பின் ஒரு மலை உச்சியில் புயலில் நிற்கிறார்கள். மூலத்தில் அவர்கள் பேசுவது அரக்கனின் கோட்டையை எந்தப் பக்கமிருந்து தாக்குவது என்பது பற்றி. ஏழுமலையின் தமிழில் இப்படி இருக்கிறது:

"மாத்தரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. சாப்டீங்களா?"

"ஒண்டியா சாப்ட்டா எறங்க மாட்டேங்குது."

"எனக்கும்தான்."

நான் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். கேன்டீனில் அவர் என்னிடம் தினமும் முதலில் கேட்பது அதைத்தான்.

மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் அந்த எபிசோடில் ஒரு வரிகூடச் சரியில்லை. குழுவில் அதைப் போட மாட்டேன். நண்பர்கள் மன்னிக்க வேண்டும். இனி வரும் வாரங்களுக்கு என்னால் முடிந்த தமிழைப் போடுகிறேன், நீட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு கோப்புதான். மாத்திரை என்பதை மாத்தரை என்று எழுதியிருக்கிறார். அதையும் நான் திருத்தவில்லை.