அத்தானுக்கு வந்த பிஸ்கட்டுகள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கோபித்து எழுதியிருக்கிறீர்கள். பாளையம்பட்டியில் அக்கா வீட்டில் இருந்தேன் — அத்தானின் பதினாறாம் நாள் காரியத்துக்கு.

டைபாய்டு. ஊருணித் தண்ணீர் சேறாகும் கோடையில் எங்கள் பக்கம் இது புதிதில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார்கள். காய்ச்சல்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? ஆனால் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று டாக்டர் உத்தரவு. தின்ன ஆளில்லாமல் அலமாரி பிஸ்கட்டால் நிறைந்தது...

அந்த உத்தரவுக்குக் காவல்காரன் யார்? சாட்சாத் நான்தான்!

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் அத்தான் முனகினார்.

"மாப்ளே, வாயெல்லாம் கசக்குது. இனிப்பா ஒரு வாய் குடுக்கச் சொல்லு."

இந்த யுத்தகால ரேஷனில் சீனிக்கு எங்கே போவது? அக்கா பிஸ்கட்டைப் பொடித்துப் பாலில் கொதிக்கவிட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டு, பாயசமாகவே கொண்டுவந்துவிட்டாள். நான் டம்ளரைப் பிடுங்கினேன்.

"அவுகளைக் கொல்லப் பாக்கியா?"

"ஒரு வாய்தானே கேக்காக, தம்பி..."

"பேசாமப் போக்கா!"

அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் டம்ளரைப் பிடுங்கிய அன்று காலையிலேயே டாக்டர் என்னைத் தனியே அழைத்துக் கையை விரித்துவிட்டார். "இனிமே ஆசைப்பட்டதைக் குடுங்க" என்றும் சொன்னார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பத்தியத்தை விட்டால் அவரையே கைவிட்டதாகிவிடாதா? கண்டிப்பாக இருந்தால் பிழைத்துவிடுவார் என்று ஒரு முட்டாள் நம்பிக்கை! நம்மில் பலர் இப்படித்தான். பாசம் முற்றினால் போலீஸ்காரர் ஆகிவிடுகிறோம்.

பதினாறாம் நாள் படையல். இறந்தவர் ஆசைப்பட்டதை இலையில் வைக்க வேண்டுமே! அக்கா மிச்ச பிஸ்கட் அத்தனையையும் பொடித்துப் பாயசம் காய்ச்சினாள். இலையில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.

"நல்லவேளை, அன்னைக்கு நீ தடுத்தே தம்பி. நான் குடுத்திருந்தா, என் கையாலதான் போனாகன்னு காலம் பூராவும் அழுதிருப்பேன். நீ நல்லாருப்பே."

தலையைக் குனிந்துகொண்டு குடித்து முடித்தேன். ருசியாகத்தான் இருந்தது, பாவி எனக்கு!

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது — நீங்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.