பெரியவரின் இடது கால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானல் சந்தைக்குக் கேரட் வாங்கப் போனவள், அங்கே நின்றிருந்த ஒரு பிக்கப் வண்டியின் முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என்ன, தெரிஞ்சவங்க வண்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

இல்லை. தெரிந்த ஜீப்!

டேஷ்போர்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் ஜீப். நெற்றியில் — அதாவது பானெட்டில் — சந்தனம், குங்குமம். பின்சக்கரத்துக்கு மேலே சின்னதாக ஒரு கொக்கி. அந்தக் கொக்கியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பெரியவரின் இடது கால்!

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருபவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். (பழைய வாசகர்கள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.) நான் பொம்மை வண்டிகள் சேகரிப்பவள். சாதாரண வண்டிகள் இல்லை — மடக்கி, திருப்பி, இழுத்தால் ரோபோவாக எழுந்து நிற்கும் டை-காஸ்ட் வண்டிகள். முழு உலோகம். நம் ஊர்க் குளிரில் காலையில் கையில் எடுத்தால் விரல் விறைத்துப்போகும். பனிமூட்டம் இறங்கினால் எனக்காக ஜன்னலைச் சாத்துவதில்லை, இவர்களுக்காகத்தான் சாத்துகிறேன். மூட்டுகளில் துரு பிடித்துவிடுமே! இந்த வயதில் இது தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. தேவையா என்று பார்த்தா எல்லோரும் பட்டுப்புடவை வாங்குகிறார்கள்?

அலமாரியின் நடுவில் நிற்பவர்தான் பெரியவர். ஐந்து வண்டிகள் சேர்ந்தால் ஒரே பெரிய ரோபோ ஆகிற செட். கிரேன்தான் உடம்பு. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் கைகள். லாரி வலது கால், ஜீப் இடது கால். ஊரைக் காலி செய்து போன ஒரு குடும்பம் வாசலில் சாமான்களைப் பரப்பி விற்றபோது கிடைத்தது. அந்தப் பெட்டியில் ஜீப் மட்டும் இல்லை. அதனால் இத்தனை வருடமாக இடது காலுக்குப் பதில் ஒரு யூகலிப்டஸ் தைல பாட்டில்... வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், "ஒரு கால் எங்கே?" நானும் துக்க வீட்டில் பதில் சொல்வதுபோல, "தேடிக்கிட்டே இருக்கேன்" என்பேன்.

இப்போது அந்தக் கால் என் கண்முன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

வண்டிக்காரர் கருப்பையா. கவுஞ்சியில் பூண்டு போடுகிறவர். அவர் மனைவி ஈஸ்வரி பக்கத்திலேயே சாக்கை விரித்து மலைப்பூண்டு விற்றுக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"அதுங்களா? பூம்பாறை வளைவுல ரோட்டுல கெடந்துச்சுங்க. பொம்மைதானுங்களே" என்றார் கருப்பையா. திரும்பி, "என்ன ஈஸ்வரி, குடுத்துருவமா?"

"அம்மா இம்புட்டு ஆசைப்படுறாங்க. குடுங்க, பாவம்."

அவ்வளவுதான். பேரம் இல்லை, கெஞ்சல் இல்லை. ஜீப் என் கையில்!

அப்படியே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் இந்த வாரம் நீங்கள் வேறு எதையாவது படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் சேகரிப்பவர்களுக்கு என்று ஒரு வியாதி இருக்கிறது — பொருள் கைக்கு வந்தால் போதாது, நாலு பேருக்குக் காட்டியாக வேண்டும்.

"இதுல ஒரு வித்தை இருக்கு, பாருங்க" என்று பானெட்டை இழுத்தேன். கதவுகளைத் திருப்பினேன். டிக் டிக்கென்று கைகள் வந்தன, கால்கள் நீண்டன, கூரைக்கு அடியிலிருந்து தலை எழும்பியது. உள்ளங்கையில் ஜம்மென்று ஒரு ரோபோ நின்றது.

ஈஸ்வரி கையிலிருந்த பூண்டைக் கீழே போட்டார்.

"ஆத்தீ... உள்ள ஆளு இருக்காரு!"

கருப்பையா வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. ஈஸ்வரிதான் மடமடவென்று சொன்னார். "இவரு அன்னைக்கு இத எடுக்கத்தான் வண்டிய நிப்பாட்டுனாருங்க. நிப்பாட்டுன மறு நிமிசம் முன்னால மரம் சாஞ்சுச்சு! இம்புட்டு நாளும் நாங்க வெறும் வண்டின்னுல்ல நெனச்சோம்? இவருல்ல உள்ள உக்காந்து பாத்துருக்காரு!"

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து ரோபோவை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போச்சு!

"இல்லைங்க, இது ஃபேக்டரியில செஞ்ச பொம்மை..."

"பழனியில விக்கிற முருகன் சிலையும் யாரோ செஞ்சதுதானுங்களே?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஜீப்பை அவர்களிடமே விட்டுவிட்டு, கேரட்டோடு மட்டும் திரும்பினேன். வீடு வந்து சேரும்வரை என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "கையில வாங்கியாச்சுல்ல? பேசாம நடையைக் கட்ட வேண்டியதுதானே!"

நான் விடுவேனா? அடுத்த ஞாயிறு, பதிலுக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ள ஒரு சிவப்பு போலீஸ் ஜீப்பைக் கொண்டுபோனேன். என்னிடம் இரண்டு இருந்ததில் ஒன்று. அதுவும் ரோபோ ஆகும். ஈஸ்வரி அதை மேலும் கீழும் பார்த்தார். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்காருங்க. ஆனா இவருக்கு எங்க ரோட்டு வளைவெல்லாம் தெரியாதுங்களே."

தோற்றுப்போய் வந்து, தைல பாட்டிலைத் துடைத்துப் பெரியவருக்கு முட்டுக் கொடுத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போன் வந்தது. கருப்பையா. "அம்மா, ஒரு சோலிங்க. வெளிய வந்தவரு திரும்ப உள்ள போக மாட்டேங்கிறாரு. நாங்களும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டோம். நாளைக்கு வண்டிக்குப் பூசை. வெள்ளனே வந்து செத்த பாத்துட்டுப் போறீங்களா?"

வராமல்? பெரியவரின் மற்ற நான்கு பாகங்களையும் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டேன். எதற்கு என்றார் வீட்டுக்காரர். சும்மாதான் என்றேன். அவர் நம்பவில்லை.

கவுஞ்சியில் பிக்கப்பைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். ரோபோவின் ஒரு கை பின்பக்கமாகத் திருகிக்கிடந்தது. தலையை முதலில் அமுக்கிவிட்டுத்தான் கையை மடக்க வேண்டும். அது தெரியாமல் போராடியிருக்கிறார்கள். டிக் டிக். மறுபடி ஜீப். அக்கம்பக்கத்திலிருந்து வந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிக்கப்பின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஜீப்புக்கு? எலுமிச்சம்பழமே ஜீப்பின் பாதி உயரம் இருக்கிறதே! ஈஸ்வரி ஒரு நிமிடம் யோசித்தார். தோட்டத்துப் பக்கம் போனார். ஒரு பட்டாணிக் காயை உரித்து, நான்கு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு பச்சைப் பட்டாணி வைத்தார். பிக்கப் எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு முன்னால் நகர, என் விரல் தள்ளிய ஜீப்பும் பட்டாணிமேல் ஏறி இறங்கியது. அப்படிச் சிரித்து எனக்கு எத்தனை காலம் ஆயிற்று!

"அந்த டப்பாவுல என்னங்க?" என்றார் ஈஸ்வரி.

மூடியைத் திறந்தேன். நால்வருக்கும் வரிசையாகச் சந்தனம் வைத்தார். விரல் ரேகைகூடப் படாமல் காப்பாற்றிய பெயின்ட்! பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சேத்துத்தான் காட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

பிக்கப் பானெட்டின்மேல் கிரேனை நிமிர்த்தினேன். கைகளை மாட்டினேன். வலது கால். கடைசியாக மஞ்சள் ஜீப்பை எடுத்துக் கொக்கியில் பொருத்தினேன். 'க்ளிக்' என்றது. கையை எடுத்தேன்.

பெரியவர் நின்றார். தைல பாட்டில் இல்லாமல், சொந்தக் காலில். பின்னால் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல், அதற்கும் பின்னால் மேகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பொம்மைக்காகவா என்று கேட்காதீர்கள், ஆமாம், பொம்மைக்காகத்தான். சந்தோஷத்துக்கு என்ன காரணம் வேண்டியிருக்கிறது?

ஈஸ்வரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சேந்துட்டாங்க. இனிமே பிரிக்கக் கூடாதுங்க. நீங்களே கொண்டு போயிருங்க."

கேட்டீர்களா? நான் கேட்கவே இல்லை, அவரே கொடுக்கிறார்! டப்பாவை இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கருப்பையா பின்னால் மூட்டை ஏற்ற ஆரம்பித்தார்.

"எங்கே லோடு?" என்றேன்.

"நாளைக்கு வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு போகுதுங்க. மூடுபனி எறங்குறதுக்குள்ள வெரசா போயிரணும்."

ஈஸ்வரி, டேஷ்போர்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மரம் தானாகத்தான் விழுந்தது. ஜீப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கொக்கியைத் தட்டினேன். இடது காலைக் கழற்றி, சந்தனம் கலையாமல் கொண்டுபோய், பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஈஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்கப் பூண்டு வாசம். "வருசா வருசம் பூசைக்கு இவங்க நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துருங்கம்மா. ஒருநாளாச்சும் ஒண்ணா நிக்கட்டும்" என்றார். மடி நிறைய மலைப்பூண்டு கட்டிக் கொடுத்தார்.

தைல பாட்டிலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். இப்போது பெரியவர் இடது பக்கம் ஒரு மர டப்பாவின்மேல் கவுஞ்சிப் பூண்டை வைத்து அதில் சாய்ந்து நிற்கிறார். நெற்றியில் சந்தனம். துடைக்க மனம் வரவில்லை.

நேற்று வந்த பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போலக் கேட்டார். "ஒரு கால் எங்கேங்க?"

"டியூட்டிக்குப் போயிருக்கு" என்றேன்.