வண்டி பழசு, எண்ணெய்ச் சட்டி புதுசு

வாடகை மோட்டார்த் தொழிலில் புருஷன் வண்டியை எந்தப் பக்கம் கொண்டுபோனார் என்று யாரையும் கேட்க வேண்டாம். தரையில் சொட்டின எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும்.

இந்தத் தொழில்காரரைக் கட்டிக்கொண்ட சகோதரிகளே, இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த பாடுதான். கான்வென்டில் கற்ற ஆங்கிலத்தை நம்பி என்னைக் கொட்டகையில் உட்கார்த்திவிட்டார்கள். மோட்டார்ப் புத்தகத்தைப் படித்துச் சொல்வதும், எண்ணெய் கசியாமல் இணைப்புகளில் வைக்கும் தக்கையை வெட்டித் தருவதும் என் வேலை. ஏழு மாதப் பிள்ளை பக்கத்தில் தூளியில் கிடக்கும்.

துளை சேர்ந்தது

கல்லிடைக்குறிச்சிப் பண்ணையாரின் மகள் முதல் பிரசவத்தில் மாட்டுவண்டியில் வரும்போதே பிள்ளையைப் பறிகொடுத்தவள். இந்தத் தடவை வலி கண்டதும் மோட்டாரில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்த வாரம், வாய்க்கால் கல்லில் இடித்து எங்கள் வண்டியின் எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்ச் சட்டி பிளந்துவிட்டது.

சீமையிலிருந்து வேறு சட்டி வர மாதக்கணக்காகும். எங்கள் வண்டிக்குச் சில வருஷம் பின்னால் வந்த அதே ஜாதி வண்டி ஒன்று எஞ்சின் உடைந்து கிடந்தது. அதன் சட்டியைக் கழற்றி வந்தார். மரையாணித் துளைகள் ஒன்று விடாமல் சேர்ந்தன. அவருக்குக் குஷி. எங்கள் வண்டியைப் பழுதுபார்க்கும் பிட்டர் சுடலைமுத்து அண்ணாச்சி மட்டும் தலையை ஆட்டினார்.

“உயரம் பொருந்திட்டா கல்யாணம் பொருந்திருமா வே?”

நான் படித்த புத்தகம்

எஞ்சின் பழசு என்பதால் பழைய புத்தகத்தைத்தான் பார்த்தேன். சுற்றிலும் அரைக்கால் அங்குலத் தக்கை என்றிருந்தது. அப்படியே வெட்டி, அரக்குப் பூசி வைத்தோம். பத்தமடை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது எஞ்சின் புகைந்தது. சட்டியின் பின்பக்கம், சுழலும் தண்டுக்கு அடியில் அரைவட்டமாக வளையும் இடத்தில் எண்ணெய் தாரையாக ஒழுகியது. ஆணிகளை இறுக்கினார், இன்னும் ஒழுகியது.

பண்ணையார் அன்றைக்கென்று வந்து நின்றார். தரையைப் பார்த்தார். தூளியையும் பார்த்தார்.

“எம்மா, எம் பிள்ள வலியோட நடுரோட்டுல கெடக்கவா?”

கொழுக்கட்டை மாவு

அதற்குப் பிறகு மாட்டுவண்டிச் சத்தம் கேட்டாலே வலி கண்டுவிட்டதோ என்று வாசலுக்கு ஓடுவேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு புதுச் சட்டியின் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். அந்த வளைவைக் கம்பெனிக்காரர்கள் பள்ளமாகவே வார்த்திருக்கிறார்கள். அங்கே மட்டும் கனத்த தக்கை வேண்டுமாம். எவ்வளவு கனம்? அது புது எஞ்சினுக்குச் சொன்ன கணக்கு. பழையதும் புதியதும் சேர்ந்தால் என்ன கனம் என்று இரண்டு புத்தகத்திலும் இல்லை.

அடுப்படிக்குப் போய்க் கொழுக்கட்டை மாவைக் கெட்டியாகப் பிசைந்து வந்தேன். திரியாக உருட்டி வளைவில் வைத்து, சட்டியை ஏற்றி ஆணிகளை முடுக்கச் சொன்னேன். இறக்கிப் பார்த்தால் இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்கு மாவு நசுங்கியிருந்தது. மாவைத் துடைத்தெடுத்துவிட்டு, அதைவிடச் சற்றுக் கனமாகத் தக்கை வெட்டினேன். தக்கை அமுங்கினால்தான் அடைக்கும். பக்கங்களுக்குப் பழைய அளவு. இரண்டும் சேரும் மூலைகளில் கூடுதல் அரக்கு.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நாங்க பிள்ளையாருக்குப் படைக்கத நீங்க எஞ்சினுக்குப் படைக்கியளே, எம்மா!”

வெள்ளைத் துணி

மூன்றாம் நாள் மத்தியானம் பண்ணையார் வீட்டு ஆள் ஓடி வந்தது, வலி கண்டுவிட்டதென்று. பிள்ளையின் வெள்ளைத் துணியை வண்டிக்கு அடியில் விரித்து எஞ்சினை ஓடவிட்டோம். சொட்டு விழவில்லை. “ஏளா, போதும், விடு,” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். போக வர எத்தனை மைல் என்று எண்ணிக்கொண்டே அதே துணியை நாலு தரம் மடித்தேன், பிரித்தேன்.

பொழுது சாய வண்டி வந்து நின்றது. யார் முகத்தையும் பார்க்க எனக்குத் தைரியமில்லை. குனிந்து சட்டியின் பின்பக்கத்தைத் தடவினேன். விரலில் புழுதி மட்டுமே ஒட்டியது. பின்சீட்டிலிருந்து பண்ணையார் குரல் கேட்டது.

“கீழ என்னத்தம்மா தேடுத? எம் மூஞ்சியப் பாரு, பேரனப் பாத்துட்டு வாரேன்!”

அன்று முதல் என் வீட்டுக்காரர் எங்கே போனார் என்பதை, மற்ற வீட்டுப் பெண்களைப் போல நானும் வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.